தேடல் முடிவுப் பக்கத்தில் ரெஜெக்ஸ்: எதுவரை வெட்டலாம்

வலைப்பக்கம் எழுதப்படுகிற எச்டிஎம்எல்லை ரெஜெக்ஸ் (எழுத்துகளின் வடிவத்தைச் சொல்லித் தேடும் பேட்டர்ன்) வைத்துப் பிரிக்கக் கூடாது என்பது நிரல் எழுதுகிறவர்கள் மத்தியில் கிட்டத்தட்ட வேதவாக்கு. 2009-ல் நிரல் எழுதுகிறவர்களின் கேள்வி-பதில் தளமான ஸ்டாக் ஓவர்ஃப்ளோவில் இதைப் பற்றிய கேள்விக்கு ஒரு பதில் வந்தது; போகப் போக எழுத்துகளே உருக்குலைந்து பேயாட்டம் ஆடுகிற மாதிரி எழுதப்பட்ட பதில் அது. இன்றைக்கும் யாராவது இந்தக் கேள்வியைக் கேட்டால் அந்த லிங்க்கைத்தான் முகத்தில் வீசுகிறார்கள். கோட்பாட்டளவில் அவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. 1950-களில் கணிதவியலாளர் ஸ்டீபன் கிளீனி வகுத்த, ரெஜெக்ஸுக்கு அடித்தளமான ரெகுலர் மொழிகளுக்குள், ஒன்றுக்குள் ஒன்றாக எத்தனை ஆழம் வேண்டுமானாலும் போகிற டேக்குகள் (கோண அடைப்புக்குள் வரும் எச்டிஎம்எல் குறிகள்) அடங்காது. திறந்தது எத்தனை, மூடியது எத்தனை என்று எண்ணி வைத்துக்கொள்ள அதற்கு நினைவு கிடையாது.

ஆனால் தேடல் முடிவுப் பக்கம் என்று வரும்போது இந்த வாதம் பாதிதான் செல்லும். நமக்கு வேண்டியது அங்கே பெரும்பாலும் டேக்குகளின் மரத்திலேயே இருக்காது. குறிப்பாகப் படத் தேடலில். கண்ணுக்குத் தெரிவது சின்னச் சின்ன முன்னோட்டப் படங்களான தம்ப்நெயில்கள்தான். மூலப் படத்தின் முகவரி, அதன் அளவு, அது எந்தத் தளத்திலிருந்து வந்தது என்பதெல்லாம் பக்கத்தின் அடியில் ஒரு ஸ்கிரிப்ட் டேக்குக்குள் லட்சக்கணக்கான எழுத்துகளாக மூச்சுவிடாமல் ஒரே வரியில் கிடக்கும். எச்டிஎம்எல்லை டேக் டேக்காகப் பிரித்துத் தரும் பியூட்டிஃபுல் சூப் மாதிரியான பார்சரிடம் கேட்டால் அந்த ஸ்கிரிப்ட்டை முழு மூட்டையாகக் கையில் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளும், அவிழ்ப்பது நம் பாடு. அந்த இடத்தில் ரெஜெக்ஸைத் தவிர்க்கிறேன் பேர்வழி என்று எழுத்து எழுத்தாக லூப் ஓட்டுவதில் எந்தப் புண்ணியமும் இல்லை. நான் வைத்திருக்கிற கோடு வேறு: தகவல் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடித்து வெட்ட ரெஜெக்ஸ். வெட்டியதைப் படிக்க வேறு ஆள். இந்த இரண்டையும் ஒரே பேட்டர்னில் செய்யப் போகும்போதுதான் சிக்கல் எல்லாம் வருகிறது.

பேட்டர்ன் எழுத உட்காரும் முன் ஒன்று. பிரவுசரில் வலது கிளிக் செய்து 'இன்ஸ்பெக்ட்' போட்டுப் பார்க்கிற எச்டிஎம்எல்லை வைத்து ரெஜெக்ஸ் எழுதாதீர்கள். அது சர்வர் அனுப்பியது அல்ல. பிரவுசர் படித்து, ஜாவாஸ்கிரிப்ட் ஓடி, விடுபட்ட டேக்குகளைச் சேர்த்து, ஒற்றை மேற்கோளை இரட்டை மேற்கோளாக்கி மறுபடி எழுதிக் காட்டுகிற பிரதி. டேபிளுக்குள் யாரும் எழுதாத 'டிபாடி' டேக்கைக்கூட அது தானே சொருகிவிடும். மூலத்தில் ஆம்பர்சண்டும் 'குவாட்'டும் அரைப்புள்ளியுமாக இருக்கிற மேற்கோள்குறி, அங்கே சாதாரண மேற்கோள்குறியாகத் தெரியும். அதைப் பார்த்து எழுதிய பேட்டர்ன் உங்கள் கையிலிருக்கும் மூலக் கோப்பில் ஒரு இடத்தில்கூடப் பொருந்தாமல் போவதற்கு இதுவே போதும். 'வியூ சோர்ஸ்' பாருங்கள். அதைவிட நல்லது, நிரலுக்கு வந்த பதிலை அப்படியே ஒரு கோப்பில் எழுதி வைத்து, அந்தக் கோப்பின் மேல் வேலை செய்வது. ஏனென்றால் யூசர் ஏஜென்ட் (கேட்பது எந்த பிரவுசர், எந்த நிரல் என்று சர்வரிடம் சொல்லும் வரி) மாறினால் சர்வர் அனுப்பும் பக்கமே மாறும். பிரவுசருக்கு வந்த பக்கமும் உங்கள் பைத்தான் நிரலுக்கு வந்த பக்கமும் ஒன்றாக இருக்கும் என்று யாரும் உத்தரவாதம் தரவில்லை. கோப்பில் வைத்துக்கொண்டால் ஒவ்வொரு முறை பேட்டர்னைத் திருத்தும்போதும் சர்வரைத் தொந்தரவு செய்யவும் வேண்டாம்.

சரி, பேட்டர்னுக்கு வருவோம். புள்ளி-நட்சத்திரம் (எந்த எழுத்தும், எத்தனை வேண்டுமானாலும்) பேராசை பிடித்தது, கேள்விக்குறி போட்டால் அடங்கும் என்று எல்லா டுட்டோரியலும் சொல்லிக்கொடுக்கிறது. அந்த இரண்டாவது பாதி அவ்வளவு உண்மை இல்லை. கற்பனையாக ஒரு துண்டு வைத்துக்கொள்வோம், இரண்டு படங்கள், முதலாவதற்கு உயரம் கொடுக்கப்படவில்லை:

<படம் முகவரி="அ"><படம் முகவரி="ஆ" உயரம்="400">

இதில் முகவரியையும் உயரத்தையும் ஜோடியாக எடுக்க இப்படி எழுதுகிறீர்கள் ([^"] என்றால் மேற்கோள் தவிர வேறு எந்த எழுத்தும்):

முகவரி="([^"]*)".*?உயரம்="([0-9]+)"

பார்க்க ஒழுங்காகத்தான் இருக்கிறது. ஓட்டினால் கிடைக்கும் விடை: அ, 400. அதாவது முதல் படத்தின் முகவரிக்கு இரண்டாவது படத்தின் உயரம் ஒட்டிக்கொண்டது, 'ஆ' என்ற படம் விடையிலேயே இல்லை. கேள்விக்குறி போட்டிருந்தும் இது ஏன் நடந்தது? சோம்பேறி நட்சத்திரம் 'எவ்வளவு குறைவாக முடியுமோ அவ்வளவு' என்றுதான் தொடங்கும், ஆனால் பேட்டர்ன் பொருந்தவேண்டும் என்றால் எவ்வளவு தூரமும் போகும். டேக்கின் எல்லை அதற்குத் தெரியாது, தெரிந்தாலும் மதிக்காது. எரர் வராது, விடை காலியாக இருக்காது, ஆயிரம் முடிவுகளில் முப்பது தப்பாக இருந்தால் கண்ணால் பார்த்தும் பிடிக்க முடியாது. முழுதாக விழுந்துவிடும் நிரலைவிட இது எத்தனையோ மடங்கு ஆபத்து. நடுவில் இருக்கும் புள்ளியை எடுத்துவிட்டு எதைத் தாண்டக் கூடாதோ அதைச் சொன்னால் போதும்:

முகவரி="([^"]*)"[^>]*உயரம்="([0-9]+)"

இப்போது ஆ, 400 என்று சரியாக வரும். தேடல் பக்கங்களில் வேலை செய்ய ஆரம்பித்த பிறகு நான் புள்ளியையே அநேகமாகக் கைவிட்டுவிட்டேன். 'எது வந்தாலும் சரி' என்று சொல்கிற இடம் உண்மையில் மிகக் குறைவு. 'மேற்கோள் வரை', 'கோண அடைப்பு வரை', 'சதுர அடைப்பு வரை' என்றுதான் எப்போதும் சொல்லவேண்டியிருக்கிறது.

இதே நோயின் இன்னொரு வடிவம், தலைப்புகளை ஒரு பேட்டர்னால் ஒரு பட்டியலாகவும் லிங்க்குகளை இன்னொரு பேட்டர்னால் இன்னொரு பட்டியலாகவும் எடுத்து, கடைசியில் 'ஜிப்' போட்டு வரிசைப்படி ஒன்றோடொன்று இணைப்பது. ஒரே ஒரு முடிவில் தலைப்பு வேறு மாதிரி இருந்துவிட்டால், அதற்குக் கீழே உள்ள எல்லாம் ஒரு படி நகர்ந்துவிடும். வலைத் தேடல் பக்கத்தில் வீடியோ பெட்டி, 'மக்கள் இதையும் கேட்கிறார்கள்' பெட்டி, விளம்பரம் என்று நடுநடுவே வேறு வார்ப்பு வந்துகொண்டே இருப்பதால் இது நடக்காமல் இருந்தால்தான் ஆச்சரியம். முதலில் ஒவ்வொரு முடிவையும் தனித் துண்டாக வெட்டிவிட்டு, ஒவ்வொரு துண்டுக்குள்ளும் தலைப்பைத் தேடு, லிங்க்கைத் தேடு, இல்லை என்றால் இல்லை என்று குறித்துக்கொள். நான்கு வரி கூடுதல், அவ்வளவுதான்.

கிளாஸ் பெயர்களை (தோற்றத்துக்காக டேக்குகளில் ஒட்டும் பெயர்களை) நம்பிப் பேட்டர்ன் எழுதுவது பற்றி ஒரு வரி போதும்: கூகுள் பக்கத்தில் அவை மெஷின் துப்பிய அர்த்தமற்ற எழுத்துக் கோவைகள், சொல்லாமல் கொள்ளாமல் மாறும். தகவலின் வடிவத்தைப் பிடித்துக்கொள்வதுதான் தாங்கும்.

படத் தேடலில் இது எப்படி என்பதற்குக் கூகுளின் வரலாறே சாட்சி. 2001-ல் வந்த சேவை அது. ஒரு காலத்தில் ஒவ்வொரு தம்ப்நெயிலின் லிங்க்கிலேயே 'இம்ஜியூஆர்எல்' என்ற பெயரில் மூலப் படத்தின் முகவரி வெளிப்படையாகக் கிடந்தது. ரெஜெக்ஸ் கற்றுக்கொள்ளும் முதல் நாளே எழுதிவிடலாம். அப்புறம் ஒவ்வொரு படத்தோடும் ஒரு மறைந்த டேக்குக்குள் ஜேசான் (பெயரும் மதிப்புமாகத் தகவலை எழுதும் வடிவம்) வைத்தார்கள், அதில் 'ஓயூ' என்றால் மூல முகவரி, 'ஓடபிள்யூ' அகலம், 'ஓஎச்' உயரம். பிறகு அதுவும் போய் எல்லாம் ஸ்கிரிப்ட்டுக்குள் பெயரே இல்லாத அடுக்கடுக்கான அரேக்களாகிவிட்டது (சதுர அடைப்புக்குள் வரும் பட்டியல்கள்). ஒவ்வொரு மாற்றத்தின்போதும் பெயரை நம்பி எழுதிய ஸ்கிரேப்பர்கள் (பக்கத்திலிருந்து தகவலை உருவும் நிரல்கள்) எல்லாம் ஒரே நாளில் செத்தன. ஆனால் பெயர்களே இல்லாத அந்தக் கடைசி வடிவத்திலும் ஒரு ஒழுங்கு இருக்கிறது: சதுர அடைப்பு, மேற்கோளுக்குள் ஒரு முகவரி, இரண்டு எண்கள், அடைப்பு மூடல். அதைப் பிடிக்க இது போதும்:

\["([^"]+)",([0-9]+),([0-9]+)\]

கிடைப்பதில் பாதி, தம்ப்நெயில்கள். 'ஜிஸ்டாட்டிக்' என்ற பெயர் வரும் முகவரிகளை வடிகட்டினால் மூலப் படங்கள் மிஞ்சும். எண்களில் உயரம்தான் முன்னால் வருகிறது, அகலம் பின்னால். பழக்கதோஷத்தில் மாற்றி எடுத்துக்கொண்டால் உங்கள் பட்டியலில் நிலக்காட்சி எல்லாம் நிற்க ஆரம்பித்துவிடும். முகவரிக்குள் சமக்குறியும் ஆம்பர்சண்டும் நேராக இருக்காது என்பதையும் கவனியுங்கள். ஆம்பர்சண்ட் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு பின்சாய்வுக்கோடு, ஒரு யு, அப்புறம் 0026 என்று நிற்கும். இதை ரீபிளேஸ் போட்டு ஒவ்வொன்றாக மாற்றுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், வேண்டாத வேலை. வெட்டிய துண்டை மேற்கோளோடு சேர்த்து ஜேசான் பார்சரிடம் கொடுத்தால் இப்படி மாற்றி எழுதிய எஸ்கேப் எல்லாவற்றையும் அதுவே அவிழ்த்துக் கொடுக்கும்.

இன்னும் ஒரு படி மேலே போய், முழு அரேயையும் எடுக்கவேண்டும் என்றால், அது எங்கே முடிகிறது என்று ரெஜெக்ஸிடம் கேட்காதீர்கள். அடைப்புக்குள் அடைப்பு, மேற்கோளுக்குள் அடைப்பு என்று போகிறது, கிளீனி சொன்ன சுவரில் போய் முட்டுவது இங்கேதான். பைத்தானின் ஜேசான் டிகோடரில் 'ரா டிகோட்' என்று ஒரு மெத்தட் இருக்கிறது, பலர் அதைத் தொட்டதே இல்லை. தொடக்கத்தை மட்டும் ரெஜெக்ஸால் கண்டுபிடித்துக் கொடுத்தால், அங்கிருந்து ஒரு முழு ஜேசான் மதிப்பைப் படித்துவிட்டு, எந்த இடத்தில் முடித்தேன் என்பதையும் சொல்லிவிட்டு நின்றுவிடும். பின்னால் என்ன குப்பை இருந்தாலும் அதற்குக் கவலை இல்லை. இந்த வேலைக்கென்றே யாரோ எழுதி வைத்த மாதிரி இருக்கிறது.

பிங் வேறு மாதிரி. அங்கே ஒவ்வொரு படத்தின் ஆங்கர் டேக்கிலும் 'எம்' என்று ஓரெழுத்து அட்ரிபியூட், அதன் மதிப்பு ஒரு முழு ஜேசான், ஆனால் அதன் மேற்கோள்குறிகள் எல்லாம் எச்டிஎம்எல் என்டிட்டிகளாக (முன்பு சொன்ன ஆம்பர்சண்ட், 'குவாட்', அரைப்புள்ளி மாதிரி) மாற்றப்பட்டிருக்கும். உள்ளே 'எம்யூஆர்எல்' மூலப் படம், 'டியூஆர்எல்' தம்ப்நெயில், 'பியூஆர்எல்' படம் இருக்கும் பக்கம். டக்டக்கோவின் ஜாவாஸ்கிரிப்ட் இல்லாத எளிய பக்கத்திலோ, முடிவு லிங்க் நேராக இருக்காது. 'யூடிடிஜி' என்ற பராமீட்டருக்குள் சதவீதக் குறிகளாக மடித்து வைக்கப்பட்டிருக்கும். ஆகவே தோல் உரிக்கிற வரிசை முக்கியம். முதலில் எச்டிஎம்எல் என்டிட்டி, அடுத்து ஜேசான் எஸ்கேப், கடைசியாகச் சதவீதக் குறி, அதுவும் தேவை இருந்தால் மட்டும், ஒரே ஒரு முறை. மடித்து வைத்த முகவரியில் %2526 என்று இருந்தால் ஒரு முறை அவிழ்த்தால் %26, இன்னொரு முறை அவிழ்த்தால் வெறும் &. அந்த இரண்டாவது முறையோடு முகவரி வேறு எங்கோ போய்விடும்.

தமிழில் தேடுகிறவர்களுக்கு இந்தச் சதவீதக் குறி விஷயம் இன்னும் கொஞ்சம் பெரிதாகத் தெரியும். எழுத்துகளைப் பைட்டுகளாக்கும் யூடிஎஃப்-8 முறையில் தமிழ் எழுத்துக்குறி ஒவ்வொன்றும் மூன்று பைட். 'தமிழ்' என்பது கணினிக்கு ஐந்து குறிகள், 15 பைட்டுகள், முகவரியில் எழுதினால் பைட்டுக்குச் சதவீதக் குறியோடு மூன்று எழுத்து வீதம் 45 எழுத்துகள். முகவரிக்கு அதிகபட்ச நீளம் என்று பேட்டர்னில் எண் போட்டு வைத்தவர்கள் இங்கே மாட்டுவார்கள். அதைவிட எரிச்சலான ஒன்று பைத்தானின் உள்ளிருப்பு ரெஜெக்ஸ் மாட்யூலில் இருக்கிறது. 'சொல் எழுத்து' என்பதற்கான பின்சாய்வு டபிள்யூ, நம் உயிர்மெய்க் குறிகளையும் புள்ளியையும் எழுத்தாகவே கணக்கில் எடுப்பதில்லை. 'தமிழ்' என்ற சொல்லைக் கொடுத்தால் 'தம', 'ழ' என்று இரண்டு துண்டாகத் திருப்பித் தரும். தலைப்பிலிருந்து சொற்களைப் பிரித்து எண்ணப் பார்த்தால் பட்டியல் முழுக்க இந்த மாதிரி தலையும் காலும் இல்லாத துண்டுகள்தான். தனியாக நிறுவிக்கொள்ளும் 'ரெஜெக்ஸ்' என்ற பெயருள்ள மாட்யூலில் இந்தக் குறை இல்லை. அதை நிறுவ மனமில்லை என்றால் [஀-௿]+ என்று தமிழ்த் தொகுதியின் வீச்சையே எழுதிவிடலாம்; யூனிகோடில் 0பி80 முதல் 0பிஎஃப்எஃப் வரை.

வேகம் பற்றி. தேடல் பக்கத்தின் ஸ்கிரிப்ட் ஒரே வரி என்று சொன்னேன் அல்லவா, வரி முடிவில் நின்றுவிடும் என்று புள்ளி-நட்சத்திரத்துக்கு இருந்த ஒரே கடிவாளமும் அங்கே இல்லை. பைத்தானின் ரெஜெக்ஸ் பின்வாங்கிப் பின்வாங்கித் தேடுகிற வகை. ஒரு பேட்டர்னில் இரண்டு மூன்று புள்ளி-நட்சத்திரம் இருந்து, கடைசித் துண்டு எங்கேயும் பொருந்தாமல் போனால், எல்லாச் சேர்க்கைகளையும் முயன்று பார்த்துவிட்டுத்தான் தோல்வியை ஒப்புக்கொள்ளும். மின்விசிறி சத்தம் கேட்டுத்தான் நமக்குத் தெரியவரும். பெரிய இடங்களே இதில் விழுந்திருக்கின்றன: 2016 ஜூலை 20-ல் ஸ்டாக் ஓவர்ஃப்ளோ 34 நிமிடம் முடங்கியதற்குக் காரணம், சுமார் 20,000 வெற்றிடங்கள் கொண்ட ஒரு வரியில் ஓரத்து வெற்றிடத்தை நறுக்கப் போன சின்ன ரெஜெக்ஸ். 2019 ஜூலை 2-ல் இணையத் தளங்களுக்குப் பாதுகாப்பு தரும் கிளவுட்ஃப்ளேர் 27 நிமிடம் தடுமாறியதும் ஒரே பேட்டர்னால்தான். இதற்கு 1968-லேயே, யூனிக்ஸை உருவாக்கியவர்களில் ஒருவரான கென் தாம்ப்சன் வழி காட்டிவிட்டார் என்பதுதான் வேடிக்கை. பின்வாங்காமல் எல்லாச் சாத்தியங்களையும் ஒரே ஓட்டத்தில் நகர்த்துகிற முறை அது, கூகுளின் ரெஜெக்ஸ் நூலகமான ஆர்இ2-வும் கோ மொழியும் அந்த வழியில்தான் போகின்றன. நம் அளவில் மேலே சொன்ன 'எதைத் தாண்டக் கூடாது' பழக்கமே பெரும்பாலும் காப்பாற்றிவிடும்.

இனி, பக்கம் கையில் வருவதே இப்போது கஷ்டம். 2025 ஜனவரியிலிருந்து கூகுள் தேடல் ஜாவாஸ்கிரிப்ட் இல்லாமல் வருகிறவர்களுக்கு முடிவுகளைக் காட்டுவதில்லை. சாதாரண ரிக்வெஸ்ட் போட்டால் 'ஜாவாஸ்கிரிப்ட்டை இயக்கு' என்கிற பக்கம்தான் வரும், 200 (எல்லாம் சரி) என்ற நல்ல ஸ்டேட்டஸோடே வரும். கொஞ்சம் வேகமாகக் கேட்டால் 429 (அளவுக்கு மீறிக் கேட்கிறாய்), இல்லை என்றால் கேப்ச்சா. குக்கி ஒப்புதல் கேட்கும் பக்கமும் 200 என்றே வரக்கூடும். ஸ்டேட்டஸை மட்டும் பார்க்கிற நிரல், 'முடிவுகள் பூஜ்யம்' என்று சந்தோஷமாக எழுதி வைத்துவிட்டு அடுத்த சொல்லுக்குப் போய்விடும். உண்மையில் முடிவே இல்லாத தேடலுக்கும், பக்க வடிவம் மாறியதற்கும், கதவு சாத்தப்பட்டதற்கும் வித்தியாசம் தெரியவேண்டும். முடிவு இல்லாத பக்கத்தில் அதைச் சொல்லும் வாசகம் இருக்கும், அதை முதலில் தேடுங்கள். அதுவும் இல்லை, முடிவும் இல்லை என்றால் நிரல் அங்கேயே நிற்கட்டும், வந்த பக்கத்தைக் கோப்பில் போட்டுவிட்டு.

கதவைச் சாத்துகிறவர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது என்பதைச் சொல்லாமல் விட முடியாது. 1994-ல் மார்ட்டைன் கோஸ்டர் முன்வைத்த ரோபோட்ஸ் கோப்பு (எந்தப் பக்கத்துக்கு நிரல்கள் வரலாம் என்று தளம் சொல்லும் கோப்பு) வழக்கம் 2022-ல் ஆர்எஃப்சி 9309 என்ற இணையத் தர ஆவணமாக முறைப்படி எழுதப்பட்டது. கூகுளின் அந்தக் கோப்பில் தேடல் பக்கம் ரோபோக்களுக்கு மூடப்பட்டதாகவே எழுதியிருக்கிறது. ஏபிஐ (நிரல்களுக்கென்றே திறந்து வைத்த வாசல்) வழியாக வா என்பார்கள். ஆனால் அந்த வழியும் நிலையாக இருந்ததில்லை. கூகுளின் பழைய பட ஏபிஐயைக் கைவிடுவதாக 2011-லேயே அறிவித்துவிட்டார்கள். கஸ்டம் சர்ச் ஏபிஐ நாளுக்கு 100 தேடல் இலவசம், அதற்குமேல் 1000-க்கு 5 டாலர் என்று வந்தது, ஒரு சொல்லுக்கு 100 முடிவுக்கு மேல் தந்ததில்லை. பிங் தன் தேடல் ஏபிஐகளை 2025 ஆகஸ்ட் 11-ல் மூடியது. ஒவ்வொன்று மூடும்போதும் இன்னும் கொஞ்சம் பேர் ரெஜெக்ஸைத் தேடி வருகிறார்கள், அதில் எனக்கு ஆச்சரியம் இல்லை. நான் சொல்வது, பிரவுசரில் நீங்களே தேடி, நீங்களே சேமித்த பக்கங்களில் வேலை செய்கிற அளவுக்கு இதை வைத்துக்கொண்டால் யாருக்கும் தலைவலி இல்லை. ராத்திரி முழுக்க ப்ராக்ஸி மாற்றி மாற்றி ஆயிரக்கணக்கில் கேட்பது வேறு தொழில், அதற்கு இங்கே யோசனை கிடைக்காது.

படங்களுக்குக் காப்புரிமை தனியாக இருக்கிறது. முகவரி கிடைத்தது என்பதால் படம் உங்களுடையது ஆகிவிடாது. 2018 பிப்ரவரியில் கூகுள் 'படத்தைக் காண்' பொத்தானை எடுத்ததே பட விற்பனை நிறுவனமான கெட்டி இமேஜஸுடன் செய்துகொண்ட உடன்பாட்டை ஒட்டித்தான்.

முகவரிப் பட்டியல் தயாரான பிறகு, இறக்கும்போது கோப்பின் பின்னொட்டை நம்பவேண்டாம். ஜேபெக் என்று முடிகிற முகவரியில் வெப்பி வரும், 'இந்தப் படத்தை வெளியிலிருந்து பார்க்க அனுமதி இல்லை' என்ற எச்டிஎம்எல் பக்கமும் அதே பெயரில் வரும். இறக்கியதன் முதல் சில பைட்டுகளைப் பாருங்கள். ஜேபெக் என்றால் எஃப்எஃப், டி8, எஃப்எஃப் என்று தொடங்கும். பிஎன்ஜி என்றால் 89-க்கு அடுத்து அதன் பெயரே எழுத்தாக நிற்கும். வெப்பி 'ரிஃப்' என்று தொடங்கி ஒன்பதாவது பைட்டில் தன் பெயரைச் சொல்லும். கோண அடைப்பில் தொடங்கினால் அநேகமாக எச்டிஎம்எல்தான், எஸ்விஜியாகவும் இருக்கலாம். சந்தேகமானதைத் தனி ஃபோல்டரில் தள்ளிவிட்டு மீதியைப் பாருங்கள்.